மூன்றாவது கிட்டங்கியின் சாவி

புதுவயலில் மில்லுக்கு ஒரு விசில்.
எங்கள் மில் விசில் கொஞ்சம் கரகரக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு
மூன்றாவது கிட்டங்கியில் மாத்திரை வைத்தோம்.
அட்டிக்கு அட்டி தார்ப்பாய் போர்த்தி,
ஓரமெல்லாம் மணல் பாம்பைப் படுக்கவைத்து,
கதவிடுக்கில் காகிதம் ஒட்டிப் பூட்டினோம்.
சாவி என் முந்தானையில்.
ஏழு நாள். அப்புறம் ஒரு நாள் காற்றாட.

வெள்ளிக்கிழமையே லாரி வந்துவிட்டது.
சாக்கோட்டை ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது.
டிரைவர் டயரைத் தட்டுகிறார், ஹாரன் அடிக்கிறார்,
டீ குடிக்கிறார், மறுபடி ஹாரன்.
சின்ன முதலாளி கெட்டவரில்லை.
என் மகள் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதியவர்.
"ரெண்டே நிமிஷம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு
நாப்பது மூட்டையை எடுத்துடலாம்" என்கிறார்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
போட்டுப் பார்த்தேன்,
நாற்பது மூட்டைக்கு எத்தனை மூச்சு என்று.

போன ஐப்பசியில்
துண்டை உள்ளே விட்டுட்டேன் என்று
பக்கக் கதவு வழியே போனார் ஒருவர்.
பூண்டு வாசம் வந்தா ஓடியாந்திரு என்று
சொல்லித்தான் விட்டார்கள்.
வாசம் வரும்தான்.
கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.
போய்விட்டது என்று நினைப்போம்.
வாசம்தான் போயிருக்கும்.

பதிவேட்டில் மாரடைப்பு என்று எழுதினேன்.
சொன்னார்கள், எழுதினேன்.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.
பெயர்: அடைக்கலம்.

இந்த முறை சாவி தரவில்லை.
முகமூடியை எடுத்து வந்து காட்டினேன்.
அதன் டப்பாவுக்குத் தேதி முடிந்து பதினாலு மாசம்.
முதலாளி தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
லாரியைப் பார்த்தார்.
"அப்ப வெயிட்டிங் சார்ஜ்?"
எழுதிக்கிறேன் என்றேன்.

துக்குனாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
ஒடிசாவிலிருந்து வந்த ஒன்பது பேரும் அப்படித்தான்.
சிவப்பு பெயின்ட்டில் கதவில் நான் எழுதிய 'அபாயம்'
அவர்களுக்கு ஏதோ கோலம்.
சாக்பீஸைக் கையில் கொடுத்தேன்.
புதன்கிழமை வரைக்கும் யாரும் உள்ளே போகக்கூடாது,
துண்டு விழுந்தாலும், போன் விழுந்தாலும். எழுது.

எழுதினான்.
உருண்டை உருண்டையாக,
ஒவ்வொரு எழுத்துக்கும் தலைக்கு மேல் ஒரு குடை.
நான் சொன்னதைவிட ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது.
இது என்ன என்றேன்.
"சும்மா எழுதிவெச்சா எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க அக்கா.
கீழே என் பேரைப் போட்டிருக்கேன்."

சாக்பீஸை வாங்கி
அதற்கும் கீழே என் பெயரை எழுதினேன்.
அடைக்கலத்தின் பக்கத்தில்
நான் போடாமல் விட்ட பெயர்.

ரோட்டில் மறுபடி ஹாரன்.