தாங்கும் எடை

ஹாரிஸ்பர்க் சட்டமன்றத்தில் மூன்றாம் எண் லிஃப்ட்.
இருபத்திரண்டு வருடமாக
அதன் வயிற்றுக்குள்ளும் முதுகின் மேலும்
கிரீஸ் கையோடு நான்,
ஒப்பந்தக் கம்பெனி ஆள்.
தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடிக்குப் பத்தொன்பது நொடி.
அதற்குள் ஒரு மசோதாவை விலைபேசி முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்,
மூக்குச் சிந்தி முடித்தவர்களையும்.

கதவருகே பித்தளைத் தகடு:
பதினாறு பேர், இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு.
யாருடைய பவுண்டு என்று அதில் எழுதவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுபோனது.
மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.
செனட்டர் கிளைன்ஃபெல்டர்
டையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்,
முகம் பிசைந்த மாவு நிறத்தில்.
"இடது கை," என்றார். அவ்வளவுதான்.
பிரேக்கைக் கையாலேயே தளர்த்தி
அங்குலம் அங்குலமாக இறக்கினேன்.
கீழே ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஸ்டென்ட்டோடு திரும்பிவந்தார்.
எனக்கு ஒரு டப்பா சாக்லேட்.

எல்வுட்டுக்கும் அதே ரத்தக்குழாய்தான்.
டாக்டர் பேனா நுனியால் காட்டினார்.
காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம், மூன்றாவது முறையாக:
"தற்சமயம் மருத்துவ அவசியம் நிரூபிக்கப்படவில்லை."
என் கணவர் மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்து
ஷூ லேஸ் கட்டுவதுபோல நடிக்கிறார்.
அவர் போட்டிருப்பது லேஸ் இல்லாத ஷூ.

என் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலிருந்துதான்
செனட்டரின் பிரீமியம் போகிறது.
என்னுடையதும் அதே சம்பளத்திலிருந்து.
இரண்டையும் கட்டுகிறேன்.
வேலை செய்வது ஒன்றுதான்,
அது என்னுடையது இல்லை.

ஏப்ரலில் ஒருநாள் லிஃப்டுக்குள் அவரும் நானும் மட்டும்.
என் பாக்கெட்டில் சாவி.
ஒரு திருப்பு திருப்பினால் வேண்டிய மட்டும் நிற்கும்.
விரல் சாவியைத் தொட்டது உண்மை.
திருப்பவில்லை.
எல்வுட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். பிறகு,
"உங்க இன்சூரன்ஸ் பிளான் பேரு என்னங்க?"

யோசித்தார்.
இரண்டாம் மாடி போனது.
"தெரியலையே," என்றார்,
"கேட்க வேண்டி வந்ததே இல்ல."
பொய்யில்லை, முகத்தில் தெரிந்தது.
எனக்கோ என் உறுப்பினர் எண்
பதினோரு இலக்கமும் தூக்கத்தில் வரும்.
போனில் காத்திருக்க வைத்துப் போடும் பியானோ
எந்த இடத்தில் மறுபடி தொடங்கும் என்பதும் தெரியும்.

"அது எங்களுக்கும் வேணும்," என்றேன்.
"அதைவிட நல்லது வேண்டாம். அதேதான்."
நான்கு. கதவு திறந்தது.
"சிக்கலான விஷயம்," என்று வெளியே கால் வைத்தவர்
திரும்பி நின்று
வாக்கெடுப்புத் தாளின் பின்பக்கம்
எல்வுட்டின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்த மதியம், அதே விஷயம் அவைக்கு வந்தபோது
அவர் "இல்லை" என்று சொன்னது
ஒலிபெருக்கி வழியாக லிஃப்ட் குழிக்குள் கேட்டது.
ஒன்பதாம் நாள் எல்வுட்டுக்கு அனுமதி வந்தது,
தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து.

இப்போது நிற்காமல் மாடி ஏறுகிறார்.
நன்றி அட்டை ஒன்று வாங்கிவந்தேன். எழுதவில்லை.
கிழிக்கவும் மனமில்லை,
ஃபிரிட்ஜின் மேல் கிடக்கிறது.

பக்கத்து வீட்டு லோர்னா ஜைடர்ஸ் நேற்று
வேலிக்கு மேலாக ஒரு கடிதத்தை நீட்டினாள்.
அதே வாக்கியம், அதே "தற்சமயம்".
"நீ யார்கிட்ட சொன்ன?"
லிஃப்டில் என்று எப்படிச் சொல்வது?
அவள் வேலை பார்ப்பது கோழிப்பண்ணையில்.
அங்கே மாடி கிடையாது.

இன்று ஆண்டுச் சோதனை.
தகடு சொல்கிற அத்தனை பவுண்டுக்கும்
இரும்பு எடைகளை நானே ஏற்றினேன்.
ஆறு கம்பியும் முனகவில்லை.
சான்றிதழின் அடியில்,
டெ. ஹோஸ்டெட்டர் என்று எழுத வேண்டிய இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு போட்டுவிட்டேன்.
லிஃப்டின் மேல் தப்பு இல்லை.