ஒரு கோட்டில் ஏழு பெயர்

ரசீதில் வாங்குபவர் பெயருக்கு
ஒரே ஒரு கோடுதான் இருந்தது.
எறும்பு எழுத்தில் எழுதினேன்:
ஜெசிந்தா, மாராத்தாள், சுபைதா, கமலாட்சி,
செல்வநாயகி இரண்டு பேர்.
கடைசியில் என் பெயர் கோட்டைத் தாண்டி
விலைக் கட்டத்துக்குள் போய்விட்டது.
'நீதான் முப்பத்தெட்டாயிரமாக்கா?'
என்றாள் சுபைதா.

உடுமலையில் மூடிய ஒரு கம்பெனியின்
காகிதக் கூழ் அரைக்கும் தொட்டி.
நீள்வட்டம், நடுவே ஒரு குட்டைச் சுவர்,
ஒருபக்கம் கத்தி பதித்த உருளை.
பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவள் மாராத்தாள்.
உள்ளே கைவிட்டு ஒவ்வொரு கத்தியாய்த் தடவினாள்.
இரண்டு மழுங்கல்.
ஒன்று இல்லவே இல்லை.
நாலாயிரம் குறைந்தது.

அதுவரை மிக்சிதான்.
பனியன் துணி அரைத்து
ஏழு வீட்டு மிக்சியும் புகைந்தவை.
சட்னியில் நூல் வந்ததென்று
கமலாட்சி வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசவில்லை.
அந்த ஒரு வாரத்தில் அவள்
அறுபது தாள் எடுத்தாள்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில்
எக்சைஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கினார்.
கொழிஞ்சாம்பாறைக்குப் போகிற தொட்டி என்றால்
அவருக்கு ஒரே அர்த்தம்.
'எந்தா இது, கோட கலக்கானோ?'
ஊறல் போடவா என்கிறார்.
'கடலாஸ் சாரே, கடலாஸ்' என்றாள் ஜெசிந்தா.
'கடலாசினு இத்ர வலிய தொட்டியோ?'
நியாயமான கேள்வி.
கடன் கேட்டுப் போன பேங்கிலும் இதையேதான் கேட்டார்கள்,
நாற்காலி போட்டு.

அவர் குனிந்து
தலையை உள்ளே விட்டு மோந்தார்.
காய்ந்த கூழ், துரு, பல்லி முட்டை.
மூன்று தும்மல்.
நான் ரசீதை நீட்டினேன்.
அதுவும் அந்தக் கம்பெனி சொந்தமாய்ச் செய்த தாள்,
பசை பற்றாதது.
வழியெல்லாம் என் உள்ளங்கை வேர்வையில்
மை ஊறி,
ஏழு பெயரும் ஒரே நீலப் பூச்சியாய்ப் படுத்திருந்தன.
'இதில் நிங்ஙள் யாரு?'
ஆளுக்கொரு கறையைத் தொட்டுக் காட்டினோம்.
போகச் சொல்லிவிட்டார்.

மும்முனைக் கரண்ட் சுபைதாவிடம்தான் உண்டு,
மாவு மில் ஓடிய கொட்டகை.
'அப்ப மிஷினு அவுளுதாயிருமா?'
மாராத்தாள் கேட்டதில் தப்பில்லை.
சுபைதா அழுததிலும் தப்பில்லை.
ஒரு பூட்டு வாங்கி ஏழு சாவி போட்டோம்.
சாவிக்காரன் சொல்லியே கொடுத்தான்,
அதில் இரண்டு திறக்காது,
எவை என்று கலந்துபோச்சு.

முதல் நாள் பத்துக் கிலோ.
திருப்பூர் வெட்டுத்துணி,
இரவெல்லாம் ஊறியது.
அரைவட்டம் கைக்கு வெட்டியது,
முழுவட்டம் கழுத்துக்கு.
தண்ணீர் குட்டைச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓட
ஒரு மணி நேரத்தில்
கை எது கழுத்து எது என்பது போய்விட்டது.
நடுவில் எவளோ பொறுக்காமல் விட்ட எலாஸ்டிக்
உருளையில் சுற்றிக்கொண்டு
மோட்டார் உறுமி நின்றது.
எவளோ என்றுதான் எல்லாரும் சொன்னோம்.
மறுபடி ஓடவிட்டால்
இல்லாத கத்தியின் இடம் வரும்போதெல்லாம்
சத்தத்தில் ஒரு சின்ன விக்கல்.
கமலாட்சி அதற்குத் தலையாட்ட ஆரம்பித்தாள்.

கிழமை ஏழு, ஆள் ஏழு,
எளிது என்றுதான் நினைத்தோம்.
வெள்ளி சுபைதாவுக்கு ஆகாது.
ஞாயிறு ஜெசிந்தாவுக்குப் பூசை.
செவ்வாயில் மாராத்தாள் இரும்பைத் தொடமாட்டாள்.
யாரும் கேட்காத சனிக்கிழமை
எனக்கு வந்தது.

முதல் தாளில் முறைப்பட்டியல் எழுதிக்
கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.
இரண்டு செல்வநாயகிக்கும் இனிஷியல் போட மறந்தேன்.
இப்போது இருவரும் புதன்கிழமை வருகிறார்கள்.
அழிக்கலாம் என்றால்
தாளின் மேல்தோல் எழும்பி வருகிறது.
வேறு தாள்தான் எடுக்கணும்.

நாளை சனி.
என் சாவியை இன்னும்
பூட்டில் போட்டுப் பார்க்கவில்லை.