பூச்சுக்காரர் வருவதற்குள்

வியாழக்கிழமை ஸ்பிக்னியெவ் வந்துவிடுவார்,
கரணையும் சாந்துச்சட்டியும் இரையும் வானொலியுமாக.
வந்தால் சுவர்கள் வாயை மூடிக்கொள்ளும்.
அப்புறம் கம்பி இழுக்க வேண்டுமென்றால்
உளி எடுக்க வேண்டும்,
அவரோடு சண்டையும் பிடிக்க வேண்டும்.

இன்று செவ்வாய்.
லஹிஞ்சுக்கு மேலே மேட்டில் ஒரு புதுவீடு,
இன்னும் கதவு வைக்கவில்லை.
ஜன்னல் ஓட்டைகளில் நுழைந்த அட்லாண்டிக் காற்று
யாரையும் கேட்காமல் அறை அறையாகப் பார்த்துவிட்டு
பின்பக்கமாகப் போகிறது.
அதற்கெல்லாம் நான் அலாரம் வைக்க முடியாது.

மலக்கி கான்சிடினுக்குக் கம்பிதான்.
ஆடு வளர்க்கிறவர்.
பிடித்து இழுத்துப் பார்க்க முடியாத எதையும் நம்பமாட்டார்.
"காற்றில் அனுப்புகிற சேதி காற்றோடு போகும்" என்கிறார்.
டிம்ஃப்னாவுக்குக் கம்பியில்லாதது.
காரணம் கேட்டேன். சொல்லவில்லை.
பெயின்ட் டப்பாவின் மேல் மூன்று கோப்பைத் தேநீர்
ஆறிக்கொண்டிருந்தது.
"கிரானியா, நீயே சொல்லு" என்றார்கள்,
இருபத்தாறு வருடமாக
எல்லாத் தம்பதிகளும் சொல்கிற மாதிரி.

நானும் வழக்கமானதைச் சொன்னேன்.
கம்பி என்றால் ஒரு முறை தூசி,
பிறகு அது இருப்பதே மறந்துபோகும்,
எலி கடிக்காத வரை.
கம்பியில்லாதது அரை நாள் வேலை,
ஒட்டிவிட்டுப் போய்விடுவேன்;
ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தீரும்,
தீர்வதை ராத்திரி மூன்று மணிக்குத்தான் சொல்லும்,
கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு போல
நிமிடத்துக்கு ஒரு கீச்.
கம்பி போட்டால் எனக்கு நானூறு யூரோ கூடுதல் என்பதை
அவர்கள் கேட்கவில்லை.

"லிமெரிக் வீட்டில் சுவர் பூராவும் கம்பிதான்"
என்றாள் டிம்ஃப்னா, கோப்பையைப் பார்த்துக்கொண்டு.
"பூனை குதித்தால் கத்துகிறதென்று
சமையலறை ஜன்னலை மட்டும் இவர் அணைத்துவைத்தார்."
மலக்கி எழுந்து காற்றைப் பார்க்கப் போனார்.
"அந்த வழியாகத்தான் வந்தான்.
மாமியாரின் வெள்ளிக் கரண்டிகள், ஒரு மழைக்கோட்டு.
மேசையில் பாதி ஆப்பிள் டார்ட் இருந்தது,
உட்கார்ந்து தின்றிருக்கிறான்.
தின்ற தட்டைக் கழுவித் துடைத்து
கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கம்பி நீட்டியிருக்கிறான்.
கரண்டி போனது போகட்டும்.
அந்தத் தட்டு."

கொஞ்ச நேரம் கழித்து:
"பயம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று
சுவர் பூசுவதற்கு முன்னால் எனக்கு எப்படித் தெரியும்?
ஒட்டுகிற சாமான் என்றால்
பிடுங்கி வேறு இடத்தில் ஒட்டிக்கொள்வேன்."

என் விலைப்பட்டியலில் இதற்கு வரி இல்லை.

புதன் இரவு மலக்கி கூப்பிட்டார்.
அவள் சொன்னபடியே எல்லாம்.
ஒரே ஒரு கம்பி மட்டும்,
சமையலறை ஜன்னலுக்கு.
"அணைக்க முடியாத மாதிரி போட முடியுமா?"
முடியாது மலக்கி,
அப்படி ஒன்றை இன்னும் யாரும் செய்யவில்லை என்றேன்.
மறுமுனையில் ஆடுகள்.
"சரி, போடு."

விடியுமுன் போய் இழுத்தேன்.
ஸ்பிக்னியெவ் அதைப் பார்த்துச் சிரித்தார்,
இத்தனை பெரிய வீட்டுக்கு ஒற்றைக் கம்பியா என்று.
மத்தியானத்துக்குள் அதுவும் சாந்துக்குள் போய்விட்டது.

ஜூன் மாதம் சென்சார்கள் ஒட்டப் போனபோது
குடிவந்திருந்தார்கள்.
பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படவில்லை.
டிம்ஃப்னா கடைக்குக் கிளம்பும்போது
எனக்கு டார்ட் வைத்துவிட்டுப் போனாள்,
நீல விளிம்புத் தட்டில்.
தின்றேன். நன்றாக இருந்தது.
தட்டைக் கழுவித் துடைத்தேன்,
கவிழ்க்கப் போன கை
பாதியில் நின்றது.

இதுதானா அது என்று தெரியாது.
நிமிர்த்தி, மேசை நடுவில் வைத்தேன்,
பக்கத்தில் இரண்டு மாற்று பேட்டரிகள்,
என் பெயர் எழுதிய சீட்டு.