விளிம்பு எந்தப் பக்கம்

அஞ்சலகப் பயிற்சிக்காக
மணப்பாட்டிலிருந்து சேலம் வந்தவள் பிளாவியா.
முதல் நாள் சாயங்காலமே
விடுதி மொட்டை மாடியில் நின்று கேட்டாள்:
"ஒங்க ஊருக்கு வெளிம்பு எந்தப் பக்கம்?"

நகரமலையைக் காட்டினேன், அதன் முதுகில் சேர்வராயன்.
மேற்கே கஞ்சமலை. தெற்கே ஜருகுமலை.
கிழக்கே என்று கை நீட்டும்போதே
"போதும், போதும்" என்றாள்,
"கிண்ணத்துக்குள்ள விழுந்த எறும்பு மாரி இருக்கு."

முப்பத்துநான்கு வருடம் இந்தக் கிண்ணத்தில் இருக்கிறேன்,
விளிம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன்.

தாரமங்கலத்தில் யாளியின் வாய்க்குள் விரலை விட்டு
கல் உருண்டையை உருட்டினாள்.
உருளும், வெளியே வராது.
எப்படிச் செதுக்கினார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள்.
இவள் கேட்டது:
"இத்தன வருசமா முழுங்காம வச்சிருக்கே, என்ன ருசியாம்?"

சங்ககிரிக் கோட்டையில்
ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு முறை உட்கார்ந்தோம்.
உச்சியில் காவலுக்கு வெயில் மட்டும் இருந்தது.
கீழே லாரிப் பட்டறைகளின் வெல்டிங் பொறி
பட்டப்பகலில் மினுக் மினுக்கென்றது.
திப்புவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிப்பதற்குள்
தூங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, மேட்டூர் அணையின் பின்பக்கம், பண்ணவாடி.
அந்த வருடம் தண்ணீர் வற்றி
மூழ்கிய கோயிலின் நந்தி கழுத்து வரை ஏறியிருந்தது.
அலை என்று ஒன்று
வருவதா வேண்டாமா என்று யோசித்தபடி வந்தது.
பிளாவியா குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள்.
"உப்பு போட மறந்துட்டாவ."

வெடித்த சேற்றில் மட்டி ஓடு பொறுக்கினோம்.
பரிசலைக் கவிழ்த்துப் போட்டிருந்த மாதையன்
அவளையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:
"கடல்ல பரிசல் ஓடுமா கண்ணு?"
"சுத்திக்கிட்டே இருந்தா கரைக்கு யாரு போவா?"
அவர் சிரித்த சிரிப்பில்
கெண்டைக்கு வந்த கொக்கு இரண்டு எழுந்து பறந்தன.
அப்புறம் கேட்காமலே அவர் வலையை மடியில் இழுத்து
கிழிசலைப் பின்ன உட்கார்ந்துவிட்டாள்.
முக்கால் மணி நேரம்.
நான் ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொண்டு
நந்திக்குத் துணையாக நின்றேன்.
கூலியாக இரண்டு கெளுத்தி.
விடுதியில் சமைக்க விடவில்லை, எங்கள் வீட்டில்தான் குழம்பு.
"மண்வாசன அடிக்கி" என்று சொல்லிக்கொண்டே
மூன்றாம் முறை சோறு வாங்கினாள்.

கடைசி நாள் மலை.
விடியுமுன் கிளம்பி
இருபது கொண்டை ஊசியையும் அவள் வாய்விட்டு எண்ண,
ஏற்காடு தாண்டி பகோடா பாயிண்ட்.
கீழே பள்ளம் முழுக்க மூடுபனி,
வெள்ளையாய், தட்டையாய், விளிம்பு வரை நிறைந்து.
காப்பித் தோட்டத்தில் பூ விட்டிருந்த வாசம்.
இதற்காகவே கூட்டி வந்தவள்போல் சொன்னேன்:
"பாரு, கடல் மாதிரி."

"கடல் மாரியெல்லாம் ஒண்ணும் இல்ல.
கடல் சத்தம் போடும்."

சொன்னாள்.
சொல்லிக்கொண்டே, தனக்கே தெரியாமல்,
செருப்பைக் கழற்றிப் பாறையோரம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு
வெறுங்காலோடு முன்னே போய் நின்றாள்.

நான் வேறெதுவும் சொல்லவில்லை.
பனி கலைய ஒரு மணி நேரம் ஆனது.

இறங்கும்போது பதினோராவது வளைவில்
என் தோளைத் தட்டினாள்.
"செருப்ப மேலயே விட்டுட்டேன்."
பிரேக் போட்டேன்.
ஒரு குரங்கு எங்களைக் கடந்து போனது.
"கெடக்கட்டும், வண்டிய விடு.
கரையில விட்ட செருப்பு எங்கயும் போவாது."

அஸ்தம்பட்டி வரை வெறுங்கால்.
ரயிலுக்கு என் செருப்பு, அவளுக்கு ஒரு விரல் பெரிது.

இப்போதெல்லாம் துணி காயப்போட மாடிக்குப் போனால்
வடக்கே பார்க்கிறேன்.
என் ஊருக்கு ஒரு விளிம்பு கிடைத்திருக்கிறது:
நீல நிறம், ஏழாம் நம்பர்,
இடது வார் அறுந்து தைத்தது.