ஐந்து மட்டும்

மூன்று நாளாய் ஒரு பட்டியலோடு இருக்கிறேன்.
நாற்பத்தொரு பெயர்கள். பெயர்கள்கூட இல்லை, இலக்கங்கள்.
எரிந்து முடிந்த றொக்கட்டுகளின் மேலடுக்குகள்,
பேச்சு நின்றுபோன செய்மதிகள்,
ஒரு மூடி. எதனுடைய மூடியென்று யாருக்கும் தெரியாது.
எங்கள் கலம் ஐந்தைத்தான் இறக்கும்.
அதற்குமேல் அதன் வயிற்றில் எண்ணெய் இல்லை.

உவர்மலையில் வாடகை அறை. ஆடும் மேசை.
ஜன்னலைத் திறந்தால் உட்துறைமுகம்,
அப்பால் சீனக்குடாக் காட்டுக்குள்
எந்தப் போருக்கோ கட்டிய எண்ணெய்த் தாங்கிகள்.
இங்கிருந்து தெரியாது.
யாருக்கு எத்தனை என்று இன்னும் கதைக்கிறார்கள்.

மேலேயும் அப்படித்தான்.
செத்தாலும் ஏவியவனுக்கே சொந்தம்,
தொடுமுன் கடிதம் எழுத வேண்டும்.
பதினேழாம் இலக்கத்துக்கு எழுதி ஒன்பது மாதம்.
அது ஒன்பது தொன் எடையோடு
விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றரில்
பதிலில்லாமல் சுற்றுகிறது.

தூரம் அல்ல கஷ்டம்.
இரண்டு குப்பைகள் ஒரே உயரத்தில் பறக்கும்,
ஆனால் ஒன்றின் பாதை மற்றதற்குக் குறுக்கே கிடக்கும்,
சைக்கிள் சக்கரத்துக்குள் செருகிய இன்னொரு சக்கரம்போல.
தாவினால் தாங்கி காலி.
நல்லவேளை, பூமி இடுப்பில் கொஞ்சம் பருத்தவள்.
அந்தப் பருமன் பாதைகளையெல்லாம் மெல்லத் திருப்பும்,
தாழ்ந்ததை வேகமாக, உயர்ந்ததைச் சோம்பலாக.
சற்றே தாழ இறங்கிச் சும்மா இருந்தால்
ஒருநாள் இரண்டு சக்கரமும் பொருந்தும்.

மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு
இருநூற்றுப் பத்தொன்பது நாள் என்று எழுதினேன்.
"அவ்வளவு நாளும் கலம் என்ன செய்யும்?"
கூட்டத்தில் ஹென்றிக் கேட்டார்.
திரையில் அவருக்குப் பின்னால் பனி பெய்தது.

பெற்றோலுக்கு நின்ற வரிசை ஞாபகம் வந்தது.
முன்னால் நின்ற ஓட்டோவின் பின்சீற்றில்
ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்து முடித்து,
தூங்கி,
மறுநாள் பாடத்தையும் செய்தது.
"காத்திருக்கும்" என்றேன்,
"காத்திருக்க எண்ணெய் செலவில்லை."
அவர் சிரித்தாரா தெரியவில்லை. கரண்ட் போய்விட்டது.

கீழ்வீட்டில் லூயிசா மொறாயஸ்
மெழுகுதிரி வெளிச்சத்தில் மகனை ஏசினாள்.
அவனுடைய வலை கடலடியில் கப்பலொன்றில் மாட்டிக் கிழிந்திருக்கிறது.
எண்பது வருஷமாய்க் கிடக்கும் கப்பல்.
மற்ற வள்ளங்களுக்கு இடம் தெரியும், விலத்திப் போவார்கள்.
இவனுக்குத் தெரியவில்லை.
ஒரு கிழமை உழைப்பு, என்றாள், ஒரு கிழமை.

விடிய, பால் வாங்கப் போனேன்.
கோட்டைப் பக்கம் ஒரு மான்
பொலித்தீன் பையொன்றை மென்றுகொண்டு நின்றது.
நேரே போனேன், ஓடியது.
மறுபடியும் போனேன், மறுபடியும்.
பிறகு பார்க்காததுபோல் பக்கத்தில்
அது நடந்தால் நடந்து, நின்றால் நின்று,
மட்கோவுக்குப் போகிற பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.
கை நீட்டியபோது பாதிப் பை எனக்கு,
பாதி அதன் வயிற்றுக்கு.

அறைக்கு வந்து நான்காம் இலக்கின் கட்டளைகளை மாற்றினேன்:
நேரே வராதே.
அதன் உருளலுக்கு உருண்டு, கூட இரு.
பிறகு கை நீட்டு.

ஐந்தையும் இன்றைக்கு அனுப்பிவிட்டேன்.
பதினேழு இல்லை.

பொழுதுபட்டு டச்சுக்குடா மணலில் நின்றேன்.
ஏழு பன்னிரண்டுக்கு வடமேற்கில் எழுந்தது,
உருண்டு உருண்டு,
எட்டு விநாடிக்கு ஒரு மினுக்கம்.
கச்சான் விற்கிற பையனும் அண்ணாந்தான்.
"பிளேனா அக்கா?"
"இல்லை."
"அப்ப?"
சொல்ல என்னிடம் ஓர் இலக்கம்தான் இருந்தது.
"எட்டு எண்ணு" என்றேன்.
எண்ணினான். மினுங்கியது. துள்ளினான்.
மறுபடி எண்ணினான். மினுங்கியது.

அதன் பிறகு பூமியின் நிழலுக்குள் போய்விட்டது.
பையன்
ஒன்பது, பத்து, பதினொன்று என்று
எண்ணிக்கொண்டே நின்றான்.