தணிக்கைத் தடை எண் 14

திருத்துறைப்பூண்டியில் சரிவு கிடையாது.
வேதரெத்தினம் அளவுகோலைப் பிடித்து நிற்கிறார்,
லெவல் கருவியில் ஒற்றைக் கண்ணை வைக்கிறேன்.
பேருந்து நிலையத்திலிருந்து முள்ளியாறு பக்கம்
கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறக்கம்.
அவ்வளவுதான்.
சில இடங்களில் அதுவும் கடன்.

தண்ணீருக்கு வழி சொல்லும் வேலை எனக்கு.
தண்ணீரோ யோசித்து யோசித்துப் போகிறது,
சில வருடம் பதினேழாம் வார்டில்
தையல்நாயகி வீட்டு அடுப்படியிலேயே
தங்கிவிடுகிறது.

பணமும் அப்படித்தான்.
மேலே திறந்துவிட்டதாகச் செய்தி வரும்.
தலைமடை நகரங்கள் குடித்து,
வழியில் உள்ளவை குடித்து,
ஷட்டர் ஷட்டராக இறங்கிக்
கடைமடைக்கு வந்து சேரும்போது
மார்ச் முப்பது.
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்கச் சொல்லி
கூடவே ஒரு கடிதம்.
ஒரே நாளில் எதைக் கட்டலாம்?
பெயர்ப்பலகை கட்டலாம்.

இந்த முறை முப்பது வருடத் திட்டம்.
அறுபத்திரண்டு கோடியில் மழைநீர் வடிகால்,
பாதி மானியம், பாதி கடன்,
கடனுக்கு இருபது வருடத் தவணை.
கடைசித் தவணை கட்டும் நாளில்
நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியிருக்கும்.
ஆலோசகர் 2056-இன் மக்கள்தொகையை
ஓர் ஆள் பிசகாமல் எழுதித் தந்திருக்கிறார்.
அதில் இன்னும் பிறக்காதவர்கள் எத்தனை பேரென்று
ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டேன்.
இந்த வருடம் அவர்கள் வரி கட்டமாட்டார்கள்.
மன்றத்தில் கை தூக்கவும் மாட்டார்கள்.

வரி உயர்வுத் தீர்மானம் வந்த அன்று
தையல்நாயகி எழுந்தார்.
"எம்புருசன் வண்டிக்குத் தவணை,
மவ வளைகாப்புக்குத் தவணை,
இப்ப சாக்கடைக்குமா தவணை?"
சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து,
"சரி, கட்டுறோம்.
எந்த வருசத்துலேருந்து தண்ணி வராதுன்னு
ஓவர்சியரம்மா சொல்லட்டும்."

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையைத்
தாங்கும்படி வடிவமைத்திருக்கிறோம் என்றேன்.
"ஆறாவது வருச மழைக்கு?"

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கோப்பு அறையில்
கரையான் விட்டுவைத்த பாதியில்
குண்டூசித் துருவோடு ஒட்டிக்கொண்டு ஒரு தாள்.
1934. ரயிலடி மதகு. தடை எண் 14.
ஒரு கண் போதுமான இடத்தில்
இரண்டு கண் கட்டியது ஏன்?
அதிகச் செலவு ரூபாய் நானூற்றுப் பன்னிரண்டு, அணா ஆறு.
பொறுப்பானவரிடம் வசூலிக்கவும்.
பதிலுக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது,
கீழே ஒரு கையெழுத்து மட்டும்.
எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், பெயர் வரவில்லை.

அந்த மதகை எனக்குத் தெரியும்.
போன கார்த்திகையில் நான்கு நாள் மழை,
முதல் கண்ணை ஆகாயத்தாமரை அடைத்துவிட்டது.
டார்ச் வெளிச்சத்தில் நானும் வேதரெத்தினமும்
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்,
ஊர்த் தண்ணீரெல்லாம்
இரண்டாவது கண் வழியாக
விடிய விடியப் போனது.
மேல்படியில் நின்ற ஈரக்கோடு
மூன்று மணிக்கு ஒரு செங்கல் இறங்கியது.

நானூறு ரூபாய் அன்றைக்கு
எத்தனை மாதச் சம்பளம்?
பிடித்தார்களா, விட்டார்களா?
கோப்பில் அடுத்த பக்கம்
கரையானுடையது.

நேற்று வரைபடத்தைத் திருத்தினேன்.
பதினேழாம் வார்டுக் குழாய்
அறுநூறு மில்லிமீட்டர் என்றிருந்ததை
தொள்ளாயிரம் ஆக்கினேன்.
கூடுதல் எழுபத்தொரு லட்சம்.
காரணம் என்ற கட்டத்தில்
ஆறாவது வருட மழை என்று எழுதி,
அடித்து,
எதிர்காலத் தேவை என்று எழுதினேன்.
அலுவலகத் தமிழில் அதற்கு மேல் வழியில்லை.

தடை வரும்.
எண் என்னவாக இருக்கும் என்றுதான் தெரியவில்லை.

"இன்னும் எத்தனை தடவம்மா அளக்கறது,
தரை மாறவா போவுது?" என்கிறார் வேதரெத்தினம்.
பின்னால் நாகப்பட்டினம் பேருந்து
ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருக்கிறது.
கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள்.
ஒரு மீட்டர், நாற்பத்திரண்டு.