ஐந்நூறு பை

கூட்டுறவுக் கிடங்கின் யூரியா நெடிக்குள்
பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி.
கால் விரிந்தது எனக்கு,
கணக்கு எழுதுகிறவள் அசைய மாட்டாள் என்று.

சரக்கு தயார்.
கோரையாற்றுக் கிளை வாய்க்காலை மூடிக் கிடந்த
வெங்காயத்தாமரையை இழுத்து, நறுக்கி,
சாணம் கரைத்து ஊற்றி, எழுபது நாள் புரட்டி,
கறுப்பாக, விரலிடுக்கில் உதிர்கிற எரு.
பெயர்தான் இல்லை.
வெங்காயமும் இல்லாத, தாமரையும் இல்லாத ஒன்றுக்கு
என்னவென்று வைப்பது?

திருவாரூரிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்தான் ஹரிஹரசுதன்.
முதல் படம்: வயலுக்குப் பின்னால் எழும் சூரியன்.
"கட்சி" என்றார் பக்கிரிசாமி.
அடுத்தது இரண்டு இலை விட்ட தளிர்.
"அதுவுந்தான்."
ஊதாப் பூவைத் தாமரை மாதிரி வரைந்திருந்தான்.
யாரும் வாய் திறக்கவில்லை, அவனே அழித்தான்.
கடைசியில் எருவை ஏந்திய ஒரு கை வந்தது.
சிரித்துவிட்டோம்.
இந்த மண்ணில் முளைக்கிற, உதிக்கிற எல்லாவற்றையும்
யாரோ முன்னமே பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள்.
"மதகு போடு" என்றாள் இளஞ்சியம்.
"அதுக்கு எவனும் ஓட்டுக் கேட்டு வர்றதில்ல."

விளம்பரத்துக்கு ஒதுக்கியது நாலாயிரத்து இருநூறு.
ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்றவளும் அவளே.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
மதகில் சிக்கிய ஃபிளெக்ஸை இழுத்துத்தான்
போன வாரம் அவள் தோள் பிசகியது.
ஆட்டோவில் மைக், நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
லோக்கல் கேபிளில் அடியில் ஓடும் எழுத்து,
நகைக்கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாலு விநாடி.

"பாலத்துக்கு மேல்பக்கம் அள்ளியாச்சு" என்றாள் ரெஜினா.
"கீழ்ப்பக்கத்த ரெண்டு வாரம் அப்படியே விடுவோம்.
மன்னார்குடி பஸ் அங்க மெதுவாத்தான் போவும்.
இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் செடி.
ஜன்னலோரம் ஒக்காந்தவன் கேக்காமலா இருப்பான்
யாரு செஞ்சதுன்னு?"

தீர்மானம் மூன்று. செலவு:
ஒரு பலகை, அரை லிட்டர் பெயின்ட், என் கைபேசி எண்.

பெயரைச் சொன்னது மெகருன்னிசா.
ஆனி முடிந்த பிறகே ஈரம் எட்டுகிற
அரை ஏக்கர்க்காரி அவள்.
"கடைமடை."
"கடைசின்னு அர்த்தம் வருதே, யாவாரம் வெளங்குமா?"
"கடைன்னும் வருதுல்ல."
கைதட்டல் இல்லை. டீ வந்தது.
டீயோடு அவளே கேட்டாள்:
"செடி தீந்துட்டா?"

வங்கிப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது,
ஐந்தாம் ஆண்டு மூலப்பொருள் இருப்பு என்று.
நான் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து விட்டிருந்தேன்.
"பாமணியாறு இருக்கு" என்றான் ஹரிஹரசுதன்.
அதுவும் தீரும், நாம் ஒழுங்காக வேலை செய்தால்.
பக்கிரிசாமி தம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"ஒரு குட்டையில கொஞ்சம் வளத்துக்கிட்டா என்ன?"

மின்விசிறி சுற்றுவது கேட்டது.
இளஞ்சியம் தோளைத் தேய்த்துக்கொண்டாள், வலிக்காத தோளை.
அவர் மிச்ச டீயை வாசலில் போய் ஊற்றினார்.
அந்தப் பேச்சை நான் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவில்லை.

அச்சகத்தில் சொன்னார்கள்
ஆயிரம் சணல் பை அடித்தால்
பைக்கு இரண்டு ரூபாய் குறையும் என்று.
ஐந்நூறு போதும் என்றேன்.
"என்னம்மா, நம்பிக்கை இல்லையா?"
எப்படிச் சொல்வது,
நம்பிக்கை இருப்பதால்தான் ஐந்நூறு என்று.

பலகை வைத்த நாலாம் நாள் முதல் அழைப்பு.
பெயர் சொல்லவில்லை, பஸ் இரைச்சல்.
விலை கேட்கவில்லை, எத்தனை கிலோ என்று கேட்கவில்லை.
"அந்தப் பாதிய எப்ப அள்ளுவீங்க?"

கணக்கு நோட்டில்
வாடிக்கையாளர் விசாரணை என்ற பத்தியில்
ஒன்று என்று போட்டேன்.